வரவிட்டோம், காட்டவில்லை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பொறுமை கிடையாது. வேலையில் இருந்தபோதும் இல்லை, ஓய்வு பெற்று பகாவ் ஊரில் மகள் வீட்டில் இருக்கும் இப்போதும் இல்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து, அணைத்தேனா என்று மறுபடி போய்ப் பார்ப்பவள் நான். "அணைச்சாச்சும்மா, நானே பார்த்தேன்" என்று மகள் சொன்னாலும் கேட்க மாட்டேன். புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகள் என்னைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே வேறு எங்காவது தாவிவிடுவேன், பிறகு திரும்பி வந்துவிடுவேன்.

விளம்பரத் தடுப்பானில் விலக்கு விதிகளும் மறைப்பு விதிகளும் ஒன்றோடொன்று எப்படி உரசிக்கொள்கின்றன என்று உங்களுக்கு எழுதித் தரச் சொன்னார்கள். எந்தக் குறியை எங்கே போடுவது என்பதை நான் எழுதப் போவதில்லை. அது தேடினால் கிடைக்கும். நான் எழுதப் போவது ஒரு காலைப் பொழுதைப் பற்றி. ரந்தாவுக்குப் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டம், எண்ணெய் எடுக்கும் பனை. அங்கே குணா என்று ஒரு மண்டோர், ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பவன். அன்று காலை அவனுக்கு வேலை போகவிருந்தது. தோட்டத்தில் வேலை போனால் வீடும் போகும், உங்களுக்குத் தெரியும். அவனைக் கவிழ்க்கப் பார்த்தது நம் தடுப்பானின் பதிவில் பச்சையாக இருந்த ஒரு வரி.

நாங்கள் சிரம்பானில் ஒரு சின்ன நிறுவனம். சுற்றுவட்டாரத் தோட்டங்களின் அலுவலகக் கணினிகளைப் பார்த்துக்கொள்வது எங்கள் வேலை. எல்லாக் கணினியிலும் ஒரே தடுப்பான், ஒரே விதிப் பட்டியல். அதில் பெரும்பகுதி உலகம் முழுக்கப் பயன்படுத்தும் பொதுப் பட்டியல். அதன் வாலில் நாங்கள் எழுதிச் சேர்த்த சில விதிகள். தடுப்பான் எதற்கு என்று கேட்காதீர்கள். தோட்டத்து இணைய வேகத்தில் வேலைப் பக்கம் திறப்பதற்குள் சூதாட்ட விளம்பரம் நான்கு வந்து குதித்துவிடும். சுவா ஊர்ப் பக்கத்துத் தோட்டத்தில், அதே வேலைப் பக்கத்தின் வானிலைப் பெட்டிக்குக் கீழே வந்த ஒரு போலிப் பொத்தானை ஒருவர் அழுத்தி, கணினியையே படுக்க வைத்துவிட்டார். அந்தப் பொத்தானை மட்டும் மறைக்க நாங்களே ஒரு விதி எழுதியிருந்தோம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், சிறிது நேரத்தில் தேவைப்படும்.

தோட்டங்கள் அனைத்தும் பயன்படுத்திய வேலைப் பக்கத்தை வெளியார் ஒருவர் செய்து கொடுத்திருந்தார். அதில் எங்கே அறுப்பு, எங்கே உரம் என்றெல்லாம் இருக்கும். தோட்டத்தைப் பிரித்து எண் போட்ட பகுதியை பிளாக் என்போம், ஒரு பிளாக்கில் பூச்சி மருந்து அடித்திருந்தால் மேனேஜர் தன் கைபேசியில் இருந்தே அதை மூடிவிடுவார். உடனே பக்கத்தின் உச்சியில் அகலமாக ஒரு மஞ்சள் பட்டை வரும்: இந்த பிளாக் மூடப்பட்டுள்ளது, யாரும் நுழைய வேண்டாம் என்று. மூடிய பிளாக் எதுவும் இல்லையென்றால் பட்டையே இருக்காது. பக்கம் நேராக வேலை விவரத்தில் தொடங்கும்.

காலையில் பெரட்டு நடக்கும். இருட்டு பிரிவதற்கு முன்பே ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிட்டு, யார் எங்கே போவது என்று மண்டோர் சொல்லும் கூட்டம். குணா அலுவலகத் திரையை ஒரு பார்வை பார்ப்பான், வெளியே வருவான், சொல்வான். நிற்பவர்களில் பாதிப் பேர் வங்காளதேசம், மீதி இந்தோனேசியா. நம் ஆட்கள் குறைவு. ஆனால் தொழிலாளர் வரிசையான லயத்து வீடுகளில் நம் குடும்பங்கள் இன்னும் இருந்தன, அவர்களிடம் மாடுகள் இருந்தன. செம்பனை நிழலில் மாடு மேய்த்துக்கொள்ள நிர்வாகம் கண்டும் காணாமல் விட்டிருந்தது. மூடிய பிளாக்கில் மாடு நுழைந்தால் அன்றோடு அந்தச் சலுகை போச்சு. அதனால் பெரட்டு முடிந்ததும் குணா மாட்டுக்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் குரல் அனுப்புவான். "இன்னைக்கு ஏழு மூடியிருக்கு, அந்தப் பக்கம் போவாதீங்க" என்பான். இல்லையென்றால் "எல்லாம் தொறந்திருக்கு" என்பான்.

மஞ்சள் இருந்தால் போகாதே. மஞ்சள் இல்லையென்றால் போ. இப்படி ஒரு வழக்கத்தை யாரும் எழுதி வைக்கவில்லை. தானாகவே வந்து உட்கார்ந்துகொண்டது, எல்லாத் தோட்டத்திலும்.

அந்த வெளியார் ஒரு நாள் யாரிடமும் சொல்லாமல் பக்கத்தை மாற்றினார். மஞ்சள் பட்டை வேறொரு முகவரியிலிருந்து வரத் தொடங்கியது. அந்த முகவரியின் சாயல் விளம்பரத்தைப் போல இருந்ததால் பொதுப் பட்டியல் அதைத் தடுத்துவிட்டது. பதிவில் சிவப்பாகத் தடுப்பு விழுவதைப் பார்த்த எங்கள் தர்ஷினி ஒரு விலக்கு விதி எழுதினாள். நல்ல பெண், சூட்டிகை, வேலைக்கு வந்து ஒரு வருடம் ஆகியிருக்கும். முன்னால் இரண்டு @ குறி போட்டு, இந்த முகவரியை வரவிடு என்று எழுதுகிறோமே, அந்த விதி. சிவப்பு பச்சையானது. வரவிடப்பட்டது என்று பதிவு சொன்னது. பக்கத்தைத் திறந்தும் பார்த்தாள், ஒழுங்காக இருந்தது. அன்றைக்கு எந்தத் தோட்டத்திலும் எந்த பிளாக்கும் மூடியிருக்கவில்லை. மஞ்சள் இருக்கக் கூடாத நாள், மஞ்சள் இல்லை. யாருக்கு என்ன சந்தேகம் வரும்?

இனி அந்தக் காலை.

இணையம் விட்டு விட்டு வருகிறது என்று ரந்தாவ் தோட்டத்திலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது பெரட்டு முடிந்து லாரிகள் போயிருந்தன. அலுவலக வாசலில் ஒரே சத்தம். ராஜம்மா கையில் மாட்டுக் கயிற்றோடு நின்று கத்திக்கொண்டிருந்தார். பால்மரம் வெட்டிய ரப்பர்க் காலத்து ஆள், இப்போது மாடுதான் பிழைப்பு. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீயே கேளு தங்கச்சி. நான் எம்பாட்டுக்கா ஏழுக்குள்ள ஓட்டுனேன்? மண்டோரு தொறந்திருக்குன்னு சொன்னான், போனேன். இப்ப மாட்டப் புடிச்சு ஸ்டோர் கிட்ட நிறுத்தி, மேல தண்ணி ஊத்திக் கழுவிக்கிட்டு இருக்காங்க. கன்னுக்குட்டி வாயில நொர வருது. நான் எங்க போயி சொல்லுவேன்?"

ஏழாவது பிளாக்கில் முதல் நாள்தான் மருந்து அடித்திருந்தார்கள். மருந்துக்காரக் குத்தகையாள் வந்து பார்த்துவிட்டு மேனேஜருக்குப் போன் போட்டிருக்கிறார். மாட்டு டாக்டரைக் கூப்பிட ஆள் போயிருந்தது. அந்தக் கன்றை நான் முந்தின மாதம்தான் தடவிக் கொடுத்திருந்தேன்.

மேனேஜர் அறைக்குள் என்னையும் கூப்பிட்டார்கள். மேனேஜர் கிள்ளானிலிருந்து வந்த நம் ஆள், கெட்டவர் இல்லை, கண்டிப்பானவர். மேசைக்கு இந்தப் பக்கம் குணா நின்றிருந்தான்.

"நேத்து சாயங்காலமே நான் போட்டேன். என் போன்ல மஞ்சளா வந்துச்சு. நீ காலையில பார்த்தியா இல்லியா?"

"பார்த்தேன் தொரை. மஞ்சள் இல்ல தொரை."

"இல்லாம எப்படிப் போகும்? பார்க்காமலே வாய்ஸ் போட்டுட்ட. ஆளுங்கள அனுப்பியிருந்தா என்னாவாயிருக்கும்?"

"சத்தியமா இல்ல தொரை."

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "மேடம், உங்க லாக்ல தெரியுமே. நான் போட்டது இந்த ஆப்பிஸ் கம்பியூட்டருக்கு வந்துச்சா?"

மடிக்கணினியைத் திறந்தேன். தேடினேன். பெரட்டுக்கு முன்பே அந்தப் பட்டையின் முகவரி, வரவிடப்பட்டது, பச்சை. சந்தேகமே இல்லை.

"வந்திருக்கு சார்" என்றேன்.

குணா என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். என்ன அக்கா நீயுமா என்பது போலப் பார்த்தான். மேனேஜர் மெதுவாகச் சொன்னார், "நாளையிலேருந்து நீ வர வேணாம் குணா. வீட்டு விசயம் அப்புறம் பேசிக்கலாம். ராஜம்மாகிட்டயும் சொல்லிடு, இனி மாடு உள்ள வரக்கூடாது."

நான் பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குச் சரியான பதில்தான் சொன்னேன். அந்தச் சரியான பதில் ஒரு மனிதனைப் பொய்யனாக்கிவிட்டது. உங்களிடமும் ஒரு நாள் இப்படிக் கேட்பார்கள், பதில் உங்கள் திரையில் பச்சையாக இருக்கும். அப்போது நாக்கைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள்.

நான் அறையை விட்டு வெளியே வந்தேன். குணாவை எனக்கு வெகுகாலமாகத் தெரியும். சோம்பேறி என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்வேன். வாய்க்கொழுப்பு என்று சொல்லுங்கள், அதுவும் உண்மை. ஆனால் பார்க்காததைப் பார்த்தேன் என்று சொல்கிறவன் இல்லை. நேராக அவன் பார்க்கும் கணினிக்குப் போனேன். பக்கத்தைத் திறந்தேன். வேலை விவரம் உச்சியிலேயே தொடங்கியது. மஞ்சள் இல்லை. ஏழாவது பிளாக் இன்னும் மூடித்தான் இருந்தது, மேனேஜர் திறக்கவில்லை. அப்படியென்றால் மஞ்சள் இருக்க வேண்டும். என் கைபேசியில் தடுப்பான் கிடையாது. அதில் அதே பக்கத்தைத் திறந்தேன். கண்ணைக் குத்துகிற மாதிரி மஞ்சள்.

அங்கேயே புரிந்துவிட்டது.

தடுப்பானுக்கு இரண்டு கைகள். ஒரு கை, வருவதை வாசலிலேயே நிறுத்தும். இன்னொரு கை, வந்து உட்கார்ந்ததை மறைக்கும். வாசலில் காவல் இருக்கும் ஜாகாவிடம் இந்த ஆளை உள்ளே விடு என்று சொல்லிவிட்டோம், அவரும் விட்டுவிட்டார், விட்டேன் என்று எழுதியும் வைத்துவிட்டார். வீட்டுக்குள்ளே வேறொருவர் திரையை இழுத்துவிட்டது அவருக்கு எப்படித் தெரியும்? பக்கத்தை மாற்றியபோது வெளியார் அந்தப் பட்டைக்கு வைத்த புதுப் பெயர், விளம்பரக்காரர்கள் வழக்கமாக வைக்கும் பெயர். அந்தப் பெயரில் எது இருந்தாலும் எந்தத் தளத்திலும் மறைத்துவிடு என்று பொதுப் பட்டியலில் ஒரு மறைப்பு விதி ஏற்கெனவே இருந்தது. முன்பு வாசலிலேயே நிறுத்தப்பட்டதால் அந்த விதிக்கு வேலையில்லை. நாங்கள் வரவிட்டோம், அதற்கு வேலை வந்தது. வரவிடும் விலக்கு மறைப்பை நீக்காது. அதற்குத் தனி விலக்கு வேண்டும். எங்கள் பதிவில் வந்தது, தடுத்தது என்ற இரண்டு மட்டும்தான் விழும். மறைத்தது விழாது.

இன்னொன்று. கிழிந்த சுவரொட்டி என்றால் சுவரில் தடம் இருக்கும். மறைக்கப்பட்டது தடம் வைக்காது. கீழே இருந்த வரிகள் மேலே ஏறி அந்த இடத்தை மூடிவிடும். பார்ப்பவனுக்கு எதையோ இழந்தோம் என்றே தோன்றாது. குணாவின் இடத்தில் நான் நின்றிருந்தாலும் திறந்திருக்கிறது என்றுதான் சொல்லியிருப்பேன்.

தர்ஷினியைக் கூப்பிட்டேன். சொன்னதும் பிடித்துக்கொண்டாள். "ஐயோ அக்கா. இப்பவே ரூல் போட்டுத் தள்ளிடறேன்."

"ரூல் அப்புறம். மொதல்ல போன எடு. எல்லாத் தோட்டத்துக்கும் அடி. மண்டோரு எடுக்கலன்னா ஆப்பிஸ்ல கணக்குப் பாக்குற கிராணிக்கு அடி. ஸ்கிரீன நம்பாதே, எந்த பிளாக் மூடியிருக்குன்னு உங்க மேனேஜர வாயால கேளுன்னு சொல்லு."

"ரூல் தள்ளுறது சீக்கிரம் லா அக்கா."

"தள்ளுனா போய்ச் சேருமா? ஒவ்வொரு கம்பியூட்டரும் தானா அப்டேட் எடுக்குறப்பதான் சேரும். மத்தியானம்கூட ஆவும். அதுக்குள்ள எத்தன பேரு உள்ள போயிருப்பான்? அடி போன!"

நானும் ஒரு பக்கம் கூப்பிட்டேன். சுவா பக்கத்துத் தோட்டத்தில்தான் ஆபத்து இருந்தது. அங்கேயும் ஒரு பிளாக் மூடியிருந்தது, அங்கேயும் திரையில் ஒன்றும் இல்லை. உதிரிப் பழம் பொறுக்கும் பெண்கள் லாரியில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள், லாரி நகர்ந்துவிட்டது. அந்த மண்டோர் போனைக் காதில் வைத்துக்கொண்டே லாரிக்குப் பின்னால் "ஓய், நிறுத்து, நிறுத்து!" என்று கத்தியபடி ஓடியது எனக்குக் கேட்டது. மூச்சு வாங்குவது கேட்டது. பிறகு, "நின்னுருச்சு அக்கா" என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது. எழுதிய விதி அந்த லாரியை நிறுத்தியிருக்காது. இதை மறக்காதீர்கள், நம் கையில் விசைப்பலகை இருப்பதாலேயே எல்லாவற்றுக்கும் விசைப்பலகையைத் தேடுகிறோம்.

மற்ற தோட்டங்களில் யாரும் மூடிய இடத்துக்குப் போயிருக்கவில்லை. எல்லா மண்டோர்களுக்கும் செய்தி வாய்மொழியாகப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று தர்ஷினி சொன்ன பிறகுதான் நான் மூச்சு விட்டேன். விட்ட மூச்சு முடிவதற்குள் சிரம்பானிலிருந்து முதலாளி கூப்பிட்டார்.

"என்னா சரோ, காலங்காத்தால கலவரம்? லாக் என்னா சொல்லுது?"

"வந்துச்சுன்னு சொல்லுது பொஸ். ஆனா..."

"அப்புறம் என்னா ஆனா? நம்ம பக்கம் கிளீன். ரூல திருத்தித் தள்ளச் சொல்லு, நீ கெளம்பி வந்துரு. மண்டோரு பார்த்தானா இல்லியாங்கறது அவங்க உள் விசயம் லா."

"அவன் பார்த்தான் பொஸ். நாமதான் மறைச்சிட்டோம்."

"சரோ, அந்தக் கொண்ட்ராக் போச்சுன்னா உன்னோட சேர்த்து எத்தன பேரு வீட்டுக்குப் போவாங்கன்னு யோசிச்சிட்டுப் பேசு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அவரை நான் குறை சொல்லவில்லை. அவருக்கும் சம்பளம் கொடுக்க வேண்டிய ஆட்கள் இருந்தார்கள். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அவர்மேல் வந்த ஆத்திரம் கொஞ்சமில்லை.

இதற்கிடையில் தர்ஷினி இன்னொரு அவசரம் செய்தாள். அந்தப் பக்கத்தில் எல்லா மறைப்பையும் ஒரே வரியில் அணைத்துவிடலாம் என்றாள். எலெம்ஹைட் விலக்கு என்கிறோமே, அது. அணைத்தால் மஞ்சள் வரும். கூடவே நாங்கள் தனியாக மறைத்து வைத்திருந்த அந்தப் போலிப் பொத்தானும் எல்லாத் தோட்டத்திலும் பல்லைக் காட்டிக்கொண்டு வரும். பொதுவான மறைப்புகளை மட்டும் அணைக்கும் ஜெனரிக்ஹைட் பரவாயில்லை, அந்தத் தளத்துக்கென்று எழுதிய மறைப்பை அது தொடாது, பொத்தான் மறைந்தே இருக்கும். ஆனால் எனக்கு அதுவும் அகலமாகப் பட்டது. மஞ்சளை மறைக்கும் அந்த ஒரே விதியை, அந்த ஒரே தளத்தில் ரத்து செய்தால் போதும். நடுவில் #@# போட்டு எழுதுவது. அவள் எழுதி அனுப்பியதைப் பார்த்தால் முன்னால் தளத்தின் பெயரே இல்லை. அப்படியே போயிருந்தால் அந்த மறைப்பு உலகத்தில் உள்ள எல்லாத் தளத்திலும் ரத்தாகியிருக்கும். "கண்ண மூடிட்டு எழுதாதடி" என்று கத்திவிட்டேன். திருத்தினாள். மறைக்கும் விதியில் எந்தப் பெயர் எப்படி இருக்கிறதோ, ரத்து செய்யும் விதியிலும் அச்சு அசலாக அப்படியே இருக்க வேண்டும். ஒரு புள்ளி விட்டாலும் செல்லாது. நானும் படித்துப் பார்த்தேன், அவளும் படித்துப் பார்த்தாள்.

"இப்ப தள்ளவா அக்கா?"

வேண்டாம் என்றேன்.

இது சரியா தவறா என்று நீங்கள் உங்களுக்குள் சண்டை போட்டுக்கொள்ளலாம். அந்த விதி போய்ச் சேர்ந்தால் எல்லாக் கணினியிலும் மஞ்சள் திரும்பிவிடும், மேனேஜர் அறையில் இருக்கும் கணினி உட்பட. அதன்பிறகு யார் போய்ப் பார்த்தாலும் மஞ்சள் அங்கேதான் இருக்கும். பதிவு பச்சை, திரை மஞ்சள், குணா பொய்யன். என் வாய்வார்த்தையைத் தவிர அவனுக்கு வேறு எதுவும் மிச்சமிருக்காது. யாராவது மூடிய இடத்துக்குப் போகும் ஆபத்து ஒரு துளி இருந்திருந்தாலும் அந்த நொடியே தள்ளச் சொல்லியிருப்பேன். எல்லோருக்கும் வாயால் சொல்லியாகிவிட்டது. அதனால் கொஞ்ச நேரம் அந்தப் பிழை இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று விட்டேன். "நான் சொல்ற வரைக்கும் கைய வைக்காத" என்றேன். அந்தக் கொஞ்ச நேரம் எனக்குச் செருப்புக்குள் எறும்பு புகுந்த மாதிரி இருந்தது.

மேனேஜர் அறைக்குள் மறுபடி போவதற்கு முன்னால், பிற்பாடு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மறந்துவிடுவேன். பக்கத்தைச் செய்த வெளியாரோடு சண்டை போட்டு, மூடிய பிளாக் இல்லாத நாளில் எல்லாம் திறந்திருக்கிறது என்று எழுத்தில் காட்டும்படி மாற்ற வைத்தேன். இரண்டுமே தெரியவில்லையென்றால் ஏதோ கோளாறு என்று மண்டோருக்குத் தெரியும். எப்போதும் மஞ்சள் இருக்கிற மாதிரி சோதனைப் பக்கம் ஒன்றும் கேட்டு வாங்கினோம். தெரிய வேண்டியது தெரிகிற நாளில்தான் சோதிக்க வேண்டும், நீங்களும் அப்படியே செய்யுங்கள். ராஜம்மாவின் பெரிய மாடுகள் பிழைத்துக்கொண்டன. கன்று மறுநாள் செத்துவிட்டது. அந்த ஒப்பந்தம் அடுத்த முறை எங்களுக்குக் கிடைக்கவில்லை. முதலாளி பல மாதம் என் முகம் பார்த்துப் பேசவில்லை, ஆனால் யாரையும் வீட்டுக்கு அனுப்பவும் இல்லை.

சரி, அந்த அறை. கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனேன். குணா அதே இடத்தில் நின்றிருந்தான். மேனேஜர் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார், பணிநீக்கக் கடிதமாகத்தான் இருக்கும்.

"சார், ஏழு இன்னும் மூடியிருக்கா?"

"மூடித்தான் இருக்கு. நான் தொறக்கல."

"அப்ப உங்க கம்பியூட்டர்ல அந்தப் பேஜ கொஞ்சம் தொறங்க சார். நீங்க போட்ட மஞ்சள எனக்குக் காட்டுங்க."

சலித்துக்கொண்டே திறந்தார். அவர் எப்போதும் கைபேசியில்தான் பட்டையைப் போடுவார், அதில்தான் பார்ப்பார். மேசைக் கணினியில் அந்தப் பக்கத்தை அவர் அதிகம் திறந்ததே இல்லை. திரையைப் பார்த்தார். மேலே ஏற்றினார். கீழே இறக்கினார். மறுபடி ஏற்றினார். பக்கத்தைப் புதுப்பித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"நான் போட்டேனே" என்றார். குரல் மாறியிருந்தது. கைபேசியை எடுத்தார், பார்த்தார், அதில் மஞ்சள். கணினியைப் பார்த்தார். "இங்க இல்லியே. யாரு எடுத்தா?"

"யாரும் எடுக்கல சார். நீங்க போட்டது வந்துச்சு. வந்ததுன்னு நான் சொன்னது உண்மைதான். ஆனா எங்க தடுப்பான் அத மறைச்சிருச்சு. வந்தது வேற, தெரிஞ்சது வேற. காலையில குணா பார்த்தது இதத்தான். இப்ப நீங்க பார்க்கறீங்களே, இதே ஸ்கிரீன்."

அவர் இன்னொரு முறை பக்கத்தை உச்சி வரை ஏற்றிப் பார்த்தார். தான் போட்ட பட்டையைத் தன் கண்ணால் தேடித் தேடிக் காணாமல் இருந்தார். எனக்குப் பேச வேண்டும் என்று வாய் துடித்தது, அடக்கிக்கொண்டேன்.

மேனேஜர் எழுதிக்கொண்டிருந்த தாளை மடித்தார். எழுந்தார். மேசைக்கு எதிரே இருந்த நாற்காலியைத் தானே கொஞ்சம் இழுத்து விட்டார்.

"உக்காரு குணா" என்றார்.

எத்தனையோ தோட்டங்களில் வேலை பார்த்திருக்கிறேன். மேனேஜருக்கு எதிரே மண்டோர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை, உட்காரச் சொன்னதையும் கேட்டதில்லை. குணா நாற்காலியைப் பார்த்தான், அவரைப் பார்த்தான்.

"இருக்கட்டும் தொரை" என்றான். "ராஜம்மா அங்க கன்னுக்குட்டியோட தனியா நிக்குது. மாடு உள்ள வரலாம்னு சொல்லிட்டீங்கன்னா, போயி சொல்லிடுவேன்."

"வரலாம்" என்றார் மேனேஜர்.

அவன் ஓடினான். நான் தர்ஷினிக்குப் போன் போட்டு, தள்ளு என்றேன்.